கோலோன் பேராலயக் கோபுரங்கள் நேராக நின்ற விதம்

ஜெர்மனியில் கோலோன் பேராலயத்தை மேற்கு முகப்பின் எதிரே நின்று படம் எடுத்தால், இரண்டு கோபுரங்களும் பின்பக்கம் சாய்ந்த மாதிரியே வந்தன. இது லென்ஸின் குறை இல்லை. உயரம் 157 மீட்டர். உச்சியைப் பிடிக்க கேமராவை அண்ணாந்து தூக்கியதும், உள்ளே படத்தைப் பதியும் சென்சார் சுவருக்கு இணையாக இருக்காது. செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக நெருங்கிவிடும். சாய்க்காமல் எடுக்கலாமென்றால், அகலமான காட்சியைப் பிடிக்கும் 24 மிமீ லென்ஸில் கேமராவை நெடுக்காகப் பிடித்தாலும் 200 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். முன்னால் இருக்கும் சதுக்கத்தில் அவ்வளவு இடம் ஏது?

சரி, அங்கே ஒரு வழி செய்தேன். கூடிய மட்டும் பின்னால் போய், திரையில் கட்டக்கோடுகளைப் போட்டு, குறைவாகச் சாய்த்து, இரண்டு பக்கமும் தாராளமாக வெற்றிடம் விட்டு எடுத்தேன். பிறகு லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் செங்குத்தைத் திருத்தினேன். திருத்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், அதற்குத்தான் அந்த வெற்றிடம். முழுக்க நேராக்கினால் கோபுரம் இழுத்து நீட்டியது போலத் தெரிகிறது; கொஞ்சம் சாய்வை விட்டுவைப்பதே கண்ணுக்கு இயல்பு.

அதைவிட எனக்குப் பிடித்தது ரைன் நதியின் மறுகரை. ஹோஹென்சொல்லெர்ன் பாலத்தில் நடந்தே டாய்ட்ஸ் பக்கம் போய்விடலாம். தூரம் கிடைத்ததும் அண்ணாந்து பார்க்கும் தேவையே போய்விட்டது, கோபுரங்கள் தாமாக நிமிர்ந்தன. அங்கிருந்து தெரிவது கிழக்குப் பக்கம் என்பதால் காலை வெயில் நேராக விழும். மாலையில் சூரியன் பின்னால் இறங்கும். கருநிழல் உருவம் வேண்டுபவர்கள் அப்போது போகலாம்.