ஸ்கோமர் தீவில் ஒரு நாள்: பஃபின் பார்க்கப் போகிறவர்களுக்கு

வேல்ஸின் பெம்புரோக்‌ஷயர் கரைக்கு அப்பால் இருக்கும் ஸ்கோமரில் பகல் பயணிகளுக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான். அதற்குள் தீவு முழுக்கச் சுற்றிவிட வேண்டும் என்று பலர் ஓடுகிறார்கள். தயவுசெய்து ஓடாதீர்கள், ஓரிடத்தில் உட்காருங்கள்.

முதலில் மாதம். பஃபின் என்ற சிறு கடற்பறவை ஆண்டின் பெரும்பகுதியை நடுக்கடலிலேயே கழித்துவிட்டு முட்டையிட மட்டும் கரையேறும், ஏப்ரலில் வந்தால் ஜூலை முடிவதற்குள் கிளம்பிவிடும். குஞ்சுக்கு மீன் சுமந்து வருவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரைக்குள் போங்கள்.

அப்புறம் படகு. தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மார்ட்டின்ஸ் ஹேவனில் ஏற வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு, அதனால் முன்பதிவு அவசியம். வடக்குக் காற்று பலமாக அடித்தால் படகு போகாது, கையில் ஒரு நாள் உபரியாக இருக்கட்டும்.

தீவில் கடை கிடையாது, சாப்பாடு தண்ணீரெல்லாம் நீங்களே கொண்டுபோக வேண்டும். 8x42 பைனாகுலர் போதும். ஏறும் முன் பையைத் திறந்து ஒருமுறை பாருங்கள்: இது எலி இல்லாத தீவு, தரையில் வளை தோண்டி முட்டையிடும் பறவைகள் இங்கே பிழைத்திருப்பதே அதனால்தான்.

படித்துறையிலிருந்து செங்குத்தான படிகள். ஏறியதும் பாதையை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள். புல்லுக்கு அடியில் எங்கு பார்த்தாலும் வளைகள், காலை வைத்தால் கூரை இடிந்து உள்ளே இருக்கும் குஞ்சின் மேல் விழும்.

நேராக 'தி விக்' என்ற இடத்துக்குப் போய் உட்காருங்கள். எதிர்ப் பாறைச் சுவரில் கில்லிமாட் என்ற கடற்பறவைகள் கூடுகூடக் கட்டாமல் வெறும் விளிம்பில் முட்டையிட்டு வரிசையாக நிற்கும். உங்கள் காலருகே பஃபின் வந்திறங்கும். அலகைக் கவனியுங்கள், குறுக்காக ஏழெட்டு மீன் தொங்கும். மேலண்ணத்தில் உள்நோக்கிய முட்கள் இருப்பதால், பிடித்ததை நாக்கால் அதில் அழுத்திக்கொண்டே அடுத்ததைப் பிடிக்க முடிகிறது. மீனோடு ஒரு பறவை தயங்கித் தயங்கி நிற்கிறதா? அதன் வளைக்குப் போகும் வழியில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே விலகுங்கள், படம் அப்புறம் எடுக்கலாம். அது தயங்கும் நேரத்தில் கடற்காகம் (சீகல்) பாய்ந்து மீனைப் பிடுங்கிவிடும்.

வழியில் கிழிந்த கறுப்பு வெள்ளைச் சிறகுகள் கிடக்கும். அவை மேங்க்ஸ் ஷியர்வாட்டர் என்ற, வளையில் முட்டையிடும் இன்னொரு கடற்பறவையுடையவை. 3 லட்சம் ஜோடிகளுக்கு மேல் இங்கே முட்டையிடுகின்றன, ஆனால் பகலில் தரையில் ஒன்றைக்கூடப் பார்ப்பது அரிது. கால்கள் உடலின் பின்கோடியில் இருப்பதால் தரையில் சரியாக நடக்க வராது, பெரிய கடற்காகங்களிடம் சிக்கிவிடும். அதனால் இருட்டிய பிறகே வளைக்குத் திரும்பும். அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் தீவிலேயே இரவு தங்க அறை பதிவு செய்யுங்கள், அமாவாசையை ஒட்டிய நாளாக இருந்தால் நல்லது. டார்ச்சில் சிவப்பு வெளிச்சம் மட்டும் போடுங்கள், நடக்கும்போது தரையைப் பார்த்தே நடங்கள். பாதையிலேயே பறவைகள் உட்கார்ந்திருக்கும்.