ஏ.யூ.எஸ்.ஏ. மாநாட்டை வீட்டிலிருந்தே பின்தொடர்வது எப்படி? பேச்சைக் கேட்டு பட்ஜெட்டில் சரிபார்க்கும் வழி

ஒவ்வொரு அக்டோபரிலும் வாஷிங்டனில் அமெரிக்கத் தரைப்படைச் சங்கத்தின் ஆண்டு மாநாடு நடக்கும். சங்கத்தைச் சுருக்கமாக ஏ.யூ.எஸ்.ஏ. (AUSA) என்பார்கள். அது தொடங்கியது 1950-இல். இது அரசுத் துறை அல்ல, லாப நோக்கில்லாத தனிச் சங்கம். வால்டர் ஈ. வாஷிங்டன் மாநாட்டு மையத்தில் மாநாடு மூன்று நாள் நடக்கும். ஒரு பக்கம் தளபதிகளின் உரைகள், இன்னொரு பக்கம் கண்காட்சி அரங்கில் கவச வண்டி, ட்ரோன், ஏவுகணை என்று வரிசையாக நிறுத்தி வைத்திருப்பார்கள். மறுநாளே "அமெரிக்காவின் புதிய ஆயுதம்" என்று படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். அந்தப் படங்களில் இருப்பவற்றில் பல, கடைசிவரை எந்தச் சிப்பாயின் கைக்கும் போய்ச் சேராது.

எது சேரும், எது சேராது என்று ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம். தேவையான எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ரகசியம் எதுவும் வேண்டாம், பொறுமை மட்டும் போதும். நேரில் போகிறவர்களுக்கான குறிப்பு அல்ல இது. பட்டாலியன் என்றால் சில நூறு பேர், பிரிகேட் என்றால் சில ஆயிரம் பேர், சில பிரிகேட் சேர்ந்தது டிவிஷன். இந்த அளவு தெரிந்தால் போதும்.

படி 1: எந்த அமர்வைப் பார்ப்பது

மூன்று நாளில் நடக்கும் எல்லாவற்றையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். தொடக்க விழாவில் தரைப்படைச் செயலர் பேசுவார். அது அரசியல் உரை. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டால் போதும். ஐசன்ஹோவர் மதிய விருந்தில் தரைப்படைத் தலைமைத் தளபதி பேசுவார். அதை முழுதாகக் கேளுங்கள், அந்த ஆண்டின் முன்னுரிமைகள் அங்கேதான் வெளிவரும்.

ஆனால் என் விருப்பம் வேறு. கண்காட்சித் தளத்திலேயே 'வாரியர்ஸ் கார்னர்' என்று ஒரு சின்ன மேடை இருக்கும். திட்டங்களை நேரடியாக நடத்தும் கர்னல்களும் அதிகாரிகளும் அங்கே சுருக்கமாகப் பேசுவார்கள். கூட்டம் குறைவு, கைத்தட்டலும் குறைவு. ஆனால் "இந்தச் சோதனை முடிந்துவிட்டது, அடுத்தது இந்தப் பட்டாலியனுக்கு" என்கிற மாதிரி பிடிமானமுள்ள வாக்கியங்கள் அங்கேதான் விழும்.

படி 2: வீடியோ

பாதுகாப்புத் துறை தன் படங்களையும் வீடியோக்களையும் வெளியிடும் டிவிட்ஸ் (DVIDS) தளத்தில் முக்கிய அமர்வுகள் நேரலையாக வரும், பிறகு பதிவாகவும் இருக்கும். யூடியூபை விட இதுதான் எனக்குப் பிடிக்கும். இலவசக் கணக்கு ஒன்று தொடங்கினால் பதிவை இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

அக்டோபரில் வாஷிங்டன் காலை 9 மணி என்றால் இந்திய, இலங்கை நேரம் மாலை 6:30.

உரையைச் சுருக்கித் தரும் செயலிகளை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். "திட்டமிட்டிருக்கிறோம்", "எதிர்பார்க்கிறோம்", "நிதி கிடைத்தால்" என்று தளபதி போடும் தயக்கச் சொற்களையெல்லாம் அவை முதலில் வெட்டித் தள்ளிவிடும். நமக்கு வேண்டியதே அந்தச் சொற்கள்தான். எழுத்துவடிவத்தை எடுத்து நீங்களே தேடிப் படியுங்கள்.

(பின்சேர்க்கை: மார்ச்சில் அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில்லில் இதே சங்கம் 'குளோபல் ஃபோர்ஸ்' என்ற மாநாட்டை நடத்துகிறது. அதைப் பார்க்க உட்கார்ந்த ஒருவர், சொன்ன நேரத்தில் எதுவும் தொடங்கவில்லை என்று எழுதியிருந்தார். ஹன்ட்ஸ்வில் மத்திய நேர மண்டலத்தில் இருக்கிறது. வாஷிங்டன் கணக்கோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஹோனலூலுவில் நடக்கும் பசிபிக் மாநாட்டுக்கு நம் ஊர்க் கணக்கில் நள்ளிரவில் விழித்திருக்க வேண்டும். பதிவைப் பார்ப்பதே மேல்.)

படி 3: அட்டவணை

ஒரு விரிதாள் திறந்து ஐந்து பத்திகள் போடுங்கள்: பொருள், சொன்னவரின் பதவி, எந்தக் கட்டம், எந்த நிதியாண்டு, எந்தப் படைப்பிரிவு. 'பெருமை' என்று ஆறாவதாக ஒரு பத்தி வைக்க ஆசை வரும். வேண்டாம், அது முதல் நாளே நிரம்பிவிடும்.

'கட்டம்' பத்தியில் நான்கில் ஒன்றைத்தான் எழுத வேண்டும்: மாதிரிக்கூடு (இயங்காத வெறும் உருவம்), முன்மாதிரி (சோதனைக்காகச் செய்தது), குறைந்த அளவு உற்பத்தி, முழு உற்பத்தி. அரங்கில் நிற்கும் பளபளப்பான வண்டி பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்று. ஓர் அமர்வு முடிந்ததும் பாருங்கள்: ஐந்து பத்தியும் நிரம்பிய வரிகள் கைவிட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கும். காலியான பெட்டிகளை அப்படியே விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

படி 4: நிதியாண்டு

அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடிகிறது. முடியும் ஆண்டின் பெயர்தான் அதற்கு. ஆகவே "26-இன் முதல் காலாண்டு" என்று மேடையில் சொன்னால் அது 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இதைக் கவனிக்காமல் "ஆறு மாதம் தாமதம்" என்று எழுதியிருக்கும் பதிவுகளை நிறையப் பார்க்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாநாடு நடப்பது நிதியாண்டு பிறந்த இரண்டாவது, மூன்றாவது வாரத்தில். அதற்குள் நாடாளுமன்றம் பட்ஜெட்டை நிறைவேற்றியிருப்பது அபூர்வம். இடைக்கால நிதித் தீர்மானம்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதன்படி, பழைய ஆண்டின் அளவில் பழைய வேலைகளைத் தொடரலாம். புதுத் திட்டம் தொடங்கக் கூடாது, உற்பத்தி வேகத்தைக் கூட்டவும் கூடாது. "இந்த ஆண்டே தொடங்குகிறோம்" என்று யாராவது சொன்னால், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். 2025 மாநாடு அக்டோபர் 13 முதல் 15 வரை நடந்தபோது இடைக்காலத் தீர்மானம்கூட இல்லை. அரசு முடக்கத்தின் நடுவில்தான் அது நடந்தது.

படி 5: பட்ஜெட் புத்தகத்தில் தேடுவது

எனக்கு அதிக நேரம் தின்ற படி இதுதான். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

தரைப்படையின் நிதி நிர்வாகப் பிரிவு ஒவ்வொரு ஆண்டும் பட்ஜெட் விளக்கப் புத்தகங்களைத் தன் தளத்தில் பி.டி.எஃப். ஆகப் போடுகிறது. பல தொகுதிகள், ஒவ்வொன்றும் தலையணை தடிமன். முழுதாகப் படிக்க யாராலும் ஆகாது. உங்களுக்கு வேண்டியது இரண்டு வகைத் தொகுதிகள்தான்: ஆராய்ச்சி, கொள்முதல்.

ஆராய்ச்சித் தொகுதியில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஏழு இலக்கமும் முடிவில் ஏ என்ற எழுத்தும் கொண்ட ஓர் எண் இருக்கும். அந்த எண்தான் சாவி. திட்டத்தின் பெயரை வைத்துத் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். பிராட்லிக்கு மாற்றாக வரும் கவச வண்டியை முதலில் ஓ.எம்.எஃப்.வி. என்றார்கள், 2023-இல் எக்ஸ்.எம்.30 ஆனது. பெல் நிறுவனத்தின் வி-280 விமானம் 2022 டிசம்பரில் தேர்வானபோது எஃப்.எல்.ஆர்.ஏ.ஏ. என்ற திட்டப் பெயர், 2025-இல் எம்.வி.-75 ஆகிவிட்டது. பழைய புத்தகத்தில் புதுப் பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. எண்ணைக் கண்டுபிடித்து அட்டவணையில் எழுதி வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஆண்டு தாவிப் போகலாம். எண் 0601, 0602 என்று தொடங்கினால் விஷயம் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது.

அந்த எண்ணுக்குக் கீழே ஆர்-2 என்ற படிவம். கடந்த ஆண்டு என்ன முடிந்தது, வரும் ஆண்டு என்ன செய்யப் போகிறார்கள் என்று பத்தி பத்தியாக இருக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஆர்-4: காலாண்டு வாரியாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பட்டை. மேடையில் கேட்ட தேதியை இந்தப் பட்டையோடு ஒப்பிடுங்கள். பிறகு போன ஆண்டுப் புத்தகத்தின் ஆர்-4-ஐப் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஒரே பட்டை இரண்டு மூன்று கட்டம் வலப்பக்கம் நகர்ந்திருந்தால், யாரும் வாய் திறந்து சொல்லாத தாமதம் உங்கள் கண் முன்னால் இருக்கிறது.

கொள்முதல் தொகுதியில் பி-40 படிவத்தைப் பாருங்கள். மேலே முதல் வரியிலேயே எண்ணிக்கை: எத்தனை வாங்கினார்கள், இந்த ஆண்டு எத்தனை கேட்கிறார்கள். கீழே செலவு. பல கோடி டாலர் என்று செய்தி வந்த ஒரு பொருளுக்கு பி-40 படிவமே இல்லையென்றால், அதை இன்னும் வாங்கத் தொடங்கவில்லை, அவ்வளவுதான். சில ஆண்டுப் புத்தகங்களில் வருங்கால ஆண்டுகளின் பத்திகள் காலியாக இருக்கும். உங்கள் கோப்பில் கோளாறு என்று நினைத்து மறுபடி மறுபடி இறக்கிக்கொண்டிருக்காதீர்கள்.

பி.டி.எஃப். பார்க்க உலாவியை நம்பாதீர்கள். இவ்வளவு பெரிய கோப்பில் தேடல் திணறும். சுமத்ரா மாதிரி எடை குறைந்த ஒரு செயலி போதும்.

படி 6: போர் ஆயத்தம் பற்றிய பேச்சு

புது ஆயுதத்தைப் படம் பிடிக்கலாம், ஆயத்தத்தைப் படம் பிடிக்க முடியாது. அதனால் இந்தப் பாதியை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அமெரிக்கப் படைப்பிரிவு ஒவ்வொன்றும் நான்கு விஷயங்களில் தன்னைத் தானே மதிப்பிட்டு மேலே அனுப்புகிறது: ஆள்பலம், கையில் உள்ள கருவிகள், அந்தக் கருவிகளின் இயங்கு நிலை, பயிற்சி. மொத்த மதிப்பு சி-1 (மிக நல்லது) முதல் சி-4 (மிக மோசம்) வரை. பொதுவாக நான்கில் எது மோசமோ அதுவே மொத்த மதிப்பாகும். சராசரி எடுப்பதில்லை. பயிற்சி பிரமாதம், டாங்கிகளில் பாதி பழுதுபார்க்கும் கொட்டகையில் என்றால், பிரிவு கொட்டகையின் மதிப்பைத்தான் வாங்கும்.

சி-5 என்று ஒன்றும் உண்டு. படையின் சொந்த முடிவால், உதாரணமாகப் பழைய கருவிகளை ஒப்படைத்துவிட்டுப் புதியவற்றை வாங்கிக்கொண்டிருப்பதால், போருக்கு அனுப்ப முடியாத நிலையில் இருக்கும் பிரிவு அது. நவீனமாக்குகிற காலத்தில் ஒரு பிரிகேட் கணக்கிலிருந்து விலகி நிற்கிறது என்று அர்த்தம். "மேலும் ஒரு பிரிகேட்டை நவீனமாக்குகிறோம்" என்று மேடையில் சொன்னதும், அந்த மாதங்களில் அதன் இடத்தில் யார் நிற்பார்கள் என்று தேடுங்கள். நவீனமயம், பயிற்சி, பணி என்று பிரிவுகளை முறைவைத்துச் சுற்றவிடுவதே இதற்காகத்தான். அண்மையில் பேசப்படும் 'தொடர்பிலேயே மாற்றம்' (Transformation in Contact) என்ற முயற்சி வேறு வழியில் போகிறது: 101-ஆவது வான்வழி, 25-ஆவது காலாட்படை, 10-ஆவது மலை டிவிஷன்களின் சில பிரிகேடுகளுக்கு ட்ரோன், வானொலி, இலகு வண்டிகளை நேரடியாகக் கொடுத்து, பயிற்சியிலும் பணியிலும் இருக்கும்போதே சோதிக்கிறார்கள்.

பிரிவுவாரி மதிப்பெண்கள் ரகசியம், மாநாட்டில் கிடைக்காது. பயிற்சி மையங்களைப் பற்றிய பேச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கலிபோர்னியாவில் ஃபோர்ட் இர்வின், லூசியானாவில் ஃபோர்ட் போல்க், ஜெர்மனியில் ஹோஹன்ஃபெல்ஸ். எந்த பிரிகேட் அங்கே போனது, புதுக் கருவியோடு போனதா என்பது செய்திக் குறிப்புகளில் வெளிப்படையாக வரும். நாடாளுமன்றத்துக்காக அரசுச் செலவைத் தணிக்கை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தின் (GAO) அறிக்கைகளையும் சேர்த்துப் படித்தால் மேடையில் வராத பாதி அங்கே இருக்கும்.

பணத்தின் ஆயுளையும் கவனியுங்கள். பயிற்சிக்கும் பராமரிப்புக்குமான ஒதுக்கீடு ஓராண்டில் காலாவதியாகும். ஆராய்ச்சிக்கு இரண்டு ஆண்டு, கொள்முதலுக்கு மூன்று. ஆண்டு நடுவில் கை இறுகினால் முதலில் அடிபடுவது பயிற்சியா ஆயுதமா என்பதற்கு இந்த மூன்று எண்களில் பாதிப் பதில் இருக்கிறது.

படி 7: பழைய மாநாட்டில் பழகுங்கள்

நேரலைக்கு முன்னால் 2019 மாநாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், விடை தெரிந்த கணக்கு. சிகோர்ஸ்கி நிறுவனம் ரெய்டர்-எக்ஸ் ஹெலிகாப்டர் வடிவத்தை அங்கேதான் வெளியிட்டது. ஃபாரா என்ற உளவு ஹெலிகாப்டர் போட்டிக்கான வடிவம் அது. அந்த ஆண்டுப் புத்தகத்தில் தேடினால் ஆராய்ச்சிப் பணம் மட்டும் இருக்கும், கொள்முதல் ஒதுக்கீடு இருக்காது. சுமார் 200 கோடி டாலர் செலவான பிறகு 2024 பிப்ரவரியில் திட்டத்தையே கைவிட்டார்கள். வானத்து உளவு மாறிவிட்டதை உக்ரைன் போர் காட்டிவிட்டது என்று காரணம் சொன்னார்கள்.

இதை வைத்துக் கொள்முதல் ஒதுக்கீடு இருந்தால் பிழைத்துவிடும் என்று முடிவு கட்டாதீர்கள். எம்-10 புக்கர் கவச வண்டிக்கு எண்ணிக்கையும் இருந்தது, பணமும் இருந்தது, வண்டிகள் வந்துகொண்டும் இருந்தன. இலகுரகக் காலாட்படைக்கு என்று தொடங்கி எடை கூடிப்போய், 2025-இல் நிறுத்திவிட்டார்கள்.

பின்சேர்க்கை

பழைய வீடியோக்களில் 'ஃபியூச்சர்ஸ் கமாண்ட்' என்று வருகிறதே, இப்போது அந்த அலுவலகத்தின் தளமே காணோமே என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். புது ஆயுதங்களைத் திட்டமிட 2018-இல் டெக்சாஸின் ஆஸ்டினில் தொடங்கிய அந்தக் கட்டளையகத்தை, பயிற்சிக் கட்டளையகத்தோடு 2025-இல் இணைத்துவிட்டார்கள். புதுப் பெயர் 'மாற்றம் மற்றும் பயிற்சிக் கட்டளையகம்', இருப்பிடம் அதே ஆஸ்டின். 'சொன்னவரின் பதவி' பத்தியில் பழைய பெயரை அழிக்காமல் புதுப் பெயரைப் பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள். தேடும்போது இரண்டும் வேண்டியிருக்கும்.