ஓட்டுப் போடுவதைப் பற்றித் திருச்சபையில் பேசுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நெருங்கினால் வாலிபர் கூட்டத்தில், "ஓட்டுப் போடுவது கிறிஸ்தவக் கடமையா?" என்று பேசச் சொல்லி யாரையாவது எழுப்பிவிடுவார்கள். பல வருடம் அப்படி எழுந்து நின்றவன் நான். இப்போது பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். புதிதாகப் பேச வருகிறவர்கள் நான் விழுந்த அதே குழியில், அதே வசனத்தைப் பிடித்துக்கொண்டு விழுகிறார்கள். காசு வாங்காதே, பொய்ச் செய்தி பரப்பாதே என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அதைச் செய்கிறவர்கள் தெரிந்தேதான் செய்கிறார்கள்.

பரலோகத்தைக் காட்டி வீட்டில் இருப்பது

"நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" (பிலிப்பியர் 3:20). எனக்கு முதல் ஓட்டு வந்த வருடம் இதைச் சொல்லித்தான் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. பக்தி என்று நினைத்தேன், பாதி சோம்பல். இதை எழுதிய அதே பவுல், சவுக்கால் அடிக்கக் கட்டியபோது தான் ரோமக் குடிமகன் என்று சொல்லி அதை நிறுத்தினார் (அப்போஸ்தலர் 22:25). பிறகு "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடும் செய்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு (எண் 2240) வரி கட்டுவதையும் வாக்களிப்பதையும் ஒரே வரியில் கடமையாகச் சொல்கிறது. மனச்சாட்சியின்படி விலகி நிற்கிறவர்களும் உண்டு, உலக வழக்கங்களை விட்டு ஒதுங்கி எளிமையாக வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவக் குழுவில் பலரைப் போல. அவர்கள் அதற்கேற்ற ஒரு வாழ்க்கையே வாழ்கிறார்கள். என்னிடம் இருந்தது ஒரு வசனமும் ஒரு விடுமுறை நாளும்.

ஜெபத்துக்குள் வேட்பாளரை நுழைப்பது

இன்னும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பிரசங்கத்தில் வேட்பாளர் பெயரைச் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் ஜெபத்தில் சொல்கிறார்கள். "ஆண்டவரே, உமக்குச் சித்தமான அந்த மனுஷனை எழுப்பும்" என்று ஆரம்பித்தால், பெயரைத் தவிர எல்லா அடையாளமும் வந்துவிடும். பிரசங்கத்தையாவது வெளியே வந்து மறுத்துப் பேசலாம். ஜெபத்தை யார் மறுப்பது?

நானும் ஒரு தடவை அப்படி ஜெபித்தேன். முடித்துக் கண்ணைத் திறந்தால், மூன்றாவது வரிசையில் ஓர் அக்கா எப்போதோ கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேதாகமத்தைப் பைக்குள் வைத்து ஜிப்பை மெதுவாக இழுத்தார். அப்புறம் வாசலில், "தம்பி, நான் வேற ஆளுக்குப் போடப் போறேன். அப்ப நான் ஆண்டவருக்கு எதிரியா?" என்றார். ஏதோ மழுப்பினேன். அடுத்த வாரம் அவர் வரவில்லை. கொஞ்ச நாளில் அவர் பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். நான் ஜெபித்த ஆள் ஜெயித்தார், இரண்டே வருடத்தில் கட்சியும் மாறினார். அந்தக் குடும்பம் மட்டும் திரும்பி வரவே இல்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1774-ல் ஓட்டு உள்ளவர்களைக் கூட்டி மூன்று புத்தி சொன்னதாகத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கூலி வாங்காமல் தகுதியானவருக்குப் போடுங்கள்; நீங்கள் ஓட்டுப் போடாத வேட்பாளரைப் பற்றித் தீமையாகப் பேசாதீர்கள்; எதிர்ப்பக்கம் போட்டவர்கள் மேல் கசப்பு வைக்காதீர்கள். யாருக்குப் போட வேண்டும் என்று அதில் இல்லை. ஜெபிக்கத்தான் வேண்டுமா? சரி, 1 தீமோத்தேயு 2:2 இருக்கிறது: "ராஜாக்களுக்காகவும், அதிகாரமுள்ள யாவருக்காகவும்." யாவருக்காகவும்.

ரோமர் 13-ஐ வாசித்து, "இருக்கிறவரே இருக்கட்டும்" என்பது

அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது ரோமர் 13. மனுஷரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்கிற அப்போஸ்தலர் 5:29-ஐயும் வாசியுங்கள்.

"நம்ம ஆள்" என்பதையே தகுதியாக்குவது

ஏசாயா 45:1-ல் கர்த்தர் தாம் அபிஷேகம்பண்ணினவன் என்று சொல்லும் கோரேசு, பெர்சிய ராஜா; இஸ்ரவேலருக்கு "நம்ம ஆள்" அல்ல.

உபவாசம் இருந்தும் வாக்காளர் பட்டியலைப் பார்க்காதது

போன தேர்தலுக்கு மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தோம். வாக்குப்பதிவு அன்று காலையில் போனால், அதில் கலந்துகொண்ட நான்கு பேரின் பெயர் பட்டியலிலேயே இல்லை. நால்வரும் வீடு மாறியவர்கள். முகவரியை மாற்ற யாரும் மனுக் கொடுக்கவில்லை.