கெக் பியருக்கு கேஸ் சிலிண்டர்: வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

வீட்டில் காய்ச்சிய பியரை பாட்டிலை விட்டுவிட்டு கெக்குக்கு (பியரை கேஸ் அழுத்தத்தில் வைத்திருக்கும் உலோகக் கலம்) மாற்றுபவர்கள் கெக், ரெகுலேட்டர், குழாய் எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்து வாங்குவார்கள். கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டரை மட்டும் கடைசி நேரத்தில், மலிவாகக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பிறகு அதை நிரப்பித் தர ஆள் கிடைக்காது. அதனால் முதலில் தேட வேண்டியது சிலிண்டரை அல்ல, அதை நிரப்பித் தருபவரை. வாங்குவதா வாடகையா என்பதற்கான பதிலில் பாதி அவரிடம்தான் இருக்கிறது.

படி 1: எவ்வளவு கேஸ் தேவை?

வழக்கமான 19 லிட்டர் கெக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நுரை பொங்கும் அளவுக்கு பியரில் கார்பன் டை ஆக்சைடு ஏற லிட்டருக்குச் சுமார் 5 கிராம் இருக்க வேண்டும். நொதிக்கும்போதே கொஞ்சம் கரைந்திருக்கும், மீதியை நாம் ஏற்றுகிறோம். அது போக, பியரைக் குழாய் வழியாக வெளியே தள்ளவும் கேஸ் செலவாகும். கெக்கில் உள்ள காற்றை விரட்டுவதையும் சேர்த்தால் ஒரு கெக்குக்கு 150 முதல் 200 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 2.3 கிலோ கேஸ் பிடிக்கும் சிலிண்டர் பத்துப் பன்னிரண்டு கெக்குக்குத் தாங்கும். மாதம் ஒரு கெக் என்றால் கிட்டத்தட்ட ஒரு வருஷம். இதற்கு மேல் பெரிய சிலிண்டர் ஆரம்பத்தில் தேவையில்லை.

படி 2: நிரப்பும் இடத்தில் கேளுங்கள்

வெல்டிங் கேஸ் விற்பவர்கள், குளிர்பான இயந்திரங்களுக்கு கேஸ் தருபவர்கள், தீயணைப்பான் பராமரிப்பவர்கள் என்று பலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். கேட்க வேண்டியவை:

- என் சிலிண்டரையே நிரப்பித் தருவீர்களா, அல்லது காலியைக் கொடுத்தால் வேறொன்று தருவீர்களா?
- உணவுத் தரமுள்ள கேஸ்தானா?
- வாடகை என்றால் டெபாசிட் எவ்வளவு, எத்தனை வருஷ ஒப்பந்தம், நடுவில் திருப்பிக் கொடுத்தால் என்ன பிடிப்பீர்கள்?
- வால்வு என் ரெகுலேட்டருக்குப் பொருந்துமா?

முதல் கேள்விதான் முக்கியம். மாற்றித் தரும் முறை மட்டுமே உள்ள இடத்தில் பளபளக்கும் புது அலுமினிய சிலிண்டரை வாங்கிப் பிரயோஜனமில்லை. முதல் தடவையே அது கைமாறிப் போய், துருப்பிடித்த எஃகு சிலிண்டர் ஒன்று உங்கள் கைக்கு வரும். அங்கே சொந்தமாகத்தான் வேண்டும் என்றால் பழசாகப் பார்த்து வாங்குங்கள்.

சிலிண்டருக்குள் அழுத்தத்தில் கேஸின் பெரும்பகுதி திரவமாக இருக்கும்; அடியிலிருந்து அந்தத் திரவத்தை உறிஞ்சும் உள்குழாய் வைத்த சிலிண்டர்களும் உண்டு. அவை நமக்கு ஆகாது. நமக்கு மேலே நிற்கும் வாயுதான் வேண்டும். திரவம் ஏறினால் ரெகுலேட்டர் கெட்டுவிடும்.

படி 3: கழுத்தைப் படியுங்கள்

பழைய சிலிண்டர் வாங்கினால் விலை பேசுவதற்கு முன் தோள்பட்டையில் குத்தியிருப்பதைப் பாருங்கள். காலி எடை இருக்கும். கடைசியாக அழுத்தச் சோதனை செய்த மாதமும் ஆண்டும் இருக்கும். அமெரிக்காவில் இது பொதுவாக 5 ஆண்டுக்கு ஒருமுறை, ஐரோப்பாவில் 10 ஆண்டுக்கு ஒருமுறை. கெடு தாண்டியதை நிரப்ப மாட்டார்கள். சோதனைச் செலவு உங்கள் தலையில்தான் விழும் என்பதால் அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கழுத்து வளையத்தில் ஏதாவது நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா? அப்படியானால் அது வாடகைக்குப் போன சிலிண்டராக இருக்க வாய்ப்பு அதிகம். விற்பவருக்கே அது சொந்தமில்லாமல் இருக்கலாம். வேறு யாரும் அதை நிரப்பித் தரவும் தயங்குவார்கள். எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

படி 4: கணக்குப் போடுங்கள்

சொந்த சிலிண்டரின் விலையோடு ஒரு சோதனைச் செலவைச் சேர்த்து, ஆண்டு வாடகையால் வகுங்கள். வரும் எண்தான் எத்தனை வருஷத்தில் போட்ட காசு திரும்பும் என்பது. மூன்றுக்குள் வந்தால் வாங்கிவிடலாம். ஆறு, ஏழு என்று வந்தால் வாடகையே மேல், ஏனென்றால் சோதனை, வால்வு பழுது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் பொறுப்பு. கெக் நமக்கு ஒத்துவருமா என்றே தெரியாதவர்களும் அடிக்கடி வீடு மாறுபவர்களும் கணக்கு எப்படி வந்தாலும் வாடகைக்கே போகலாம், நீண்ட ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றவர்களுக்கு, பக்கத்தில் நிரப்பித் தருபவர் இருந்தால், சொந்த சிலிண்டர்தான் என் ஓட்டு.

படி 5: வீட்டுக்கு வந்ததும்

முதலில் தராசில் ஏற்றுங்கள். மொத்த எடையில் காலி எடையைக் கழித்தால் உள்ளே இருக்கும் கேஸ். அழுத்தமானியை நம்பாதீர்கள். திரவம் ஒரு சொட்டு மிச்சம் இருக்கும்வரை 20 டிகிரி செல்சியஸில் முள் 57 பார் அழுத்தத்தை ஒட்டியே நிற்கும். அதே சிலிண்டரை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் 40 பாருக்குக் கீழே இறங்கிவிடும். புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்து கேஸ் தீர்ந்துவிட்டதென்று பதறுவதுண்டு.

சிலிண்டரை நிமிர்த்தி, சாயாமல் கட்டி வையுங்கள். காற்றோட்டமுள்ள இடமாக இருக்கட்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, மூடிய சிறிய அறையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே வாஷர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடுக்குங்கள். பிறகு எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி வந்தால் வால்வை மூடி, வாஷரை மாற்றி, மறுபடி தடவிப் பாருங்கள். கெக்குக்கு கேஸ் போகாமலேயே ஓர் இரவு கழித்து எடை குறைந்திருந்தால் கசிவு இன்னும் எங்கோ இருக்கிறது.