கோப்பு முறைமை தெரியாத வட்டிலிருந்து படங்களை மீட்பது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல ரப்பர் தோட்டங்கள் இன்று பெயரளவில்தான் இருக்கின்றன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்தாயிற்று, குடும்பங்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் பெயர்ந்துவிட்டன. கோயில் தீமிதி, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, பால்மரக் காட்டில் பெரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு) என்று அந்த வாழ்க்கையின் படங்களை யாரோ ஒருவர் ஸ்கேன் செய்து ஒரே வன்தட்டில் வைத்திருப்பார். கோப்புகள் நகலாகிக்கொண்டிருக்கும்போது மாலை இடிமழையில் மின்சாரம் போனால் போதும், மறுநாள் விண்டோஸ் அந்த வட்டை அடையாளம் தெரியாததாகக் காட்டி, 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் சிதைந்திருப்பது கோப்புகள் எங்கே உள்ளன என்று சொல்லும் அட்டவணை, அதாவது கோப்பு முறைமைதான். படங்கள் அப்படியே கிடக்கும்.

மூல வட்டில் எதையும் செய்யாதீர்கள். முதலில் முழு வட்டையும் ஒரே கோப்பாக, அதாவது டிஸ்க் இமேஜாக எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்கு டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற நிரல் சிறந்தது. படிக்க முடியாத இடங்களைத் தாண்டிச் சென்று, பிறகு திரும்பி வந்து முயலும். 500 ஜிபி வட்டின் இமேஜுக்கும் 500 ஜிபி இடம் தேவை. மீட்கும் கோப்புகளுக்கு மேலும் இடம் வேண்டும். வட்டு 'டிக் டிக்' என்று சத்தமிட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டித்து, மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். எந்த மென்பொருளும் அதைச் சரிசெய்யாது.

வட்டு எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பதும் முக்கியம். லினக்ஸ் கணினியிலோ, ஆப்பிள் கணினியிலோ, கண்காணிப்பு கேமராப் பெட்டியிலோ இருந்த வட்டை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாமல் போகலாம். அது பழுதே அல்ல. லினக்ஸில் திறந்து பார்த்தால் சில வேளை வேலை அங்கேயே முடிந்துவிடும். பிட்லாக்கர் போன்ற பூட்டு போட்ட வட்டு என்றால் திறவுகோல் கிடைக்கும்வரை மேலே போவதில் பயனில்லை.

அடுத்து டெஸ்ட்டிஸ்க் (TestDisk). இலவச மென்பொருள், பின்னால் தேவைப்படக்கூடிய போட்டோரெக் (PhotoRec) என்ற மீட்பு நிரலும் இதனுடனேயே வரும். கட்டளைச் சாளரத்தில் நிரலின் பெயரை (testdisk) எழுதி, இடைவெளி விட்டு, இமேஜ் கோப்பின் பெயரை எழுதி என்டர் தட்டுங்கள். திரையில் வரும் தெரிவுகளில் புரொசீட், பிறகு அது பரிந்துரைக்கும் பகிர்வு அட்டவணை வகை, பிறகு அனலைஸ், குவிக் சர்ச் என்று தேர்ந்தெடுங்கள். பகிர்வு (வட்டின் ஒரு பிரிவு) ஏதேனும் தென்பட்டால் அதன்மேல் நின்று 'பி' (P) விசையை அழுத்துங்கள். கோப்புப் பெயர்கள் ஒழுங்காகத் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது: சிறிய 'ஏ' (a) எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும், பெரிய 'சி' (C) நகலெடுக்கும். பெயர்களும் கோப்புறைகளும் அப்படியே கிடைப்பதால் இந்த வழியை முழுமையாக முயன்று பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால் டீப்பர் சர்ச் கொடுங்கள். நேரம் எடுக்கும், பொறுத்திருங்கள். 'ரைட்' (Write) என்பதை மட்டும் தொட வேண்டாம். நமக்குக் கோப்புகள் கையில் வந்தால் போதும்.

டெஸ்ட்டிஸ்க் கைவிரித்தால் போட்டோரெக். இது கோப்பு முறைமையைப் பொருட்படுத்தாது. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் உரிய தொடக்க அடையாளத்தை வட்டு முழுக்கத் தேடி, கிடைத்ததை எடுத்துத் தரும். இமேஜைத் திறந்து முழு வட்டையும் தேர்ந்தெடுங்கள். 'ஃபைல் ஆப்ட்' (File Opt) பகுதியில் ஜேபெக் போன்று வேண்டியவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் குப்பை குறையும். கோப்பு முறைமை எதுவென்று கேட்டால், லினக்ஸ் வட்டுக்கு முதல் தெரிவு, மற்றவற்றுக்கு 'அதர்'. மீட்பவற்றை வேறொரு வட்டில் சேமியுங்கள். துண்டு துண்டாகச் சிதறிப் பதிந்த கோப்புகள், குறிப்பாக நீண்ட வீடியோக்கள், பெரும்பாலும் முழுமையாக வராது.

பழைய பெயர்கள் போய், எண்களே பெயர்களாக வரும். அந்த எண்ணைப் புறக்கணிக்காதீர்கள். வட்டில் கோப்பு இருந்த இடத்தை அது குறிக்கிறது. ஒன்றாகப் பதிந்த படங்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த இடங்களில் இருக்கும் என்பதால், பெயர்வாரியாக வரிசைப்படுத்தினால் ஒரே திருவிழாவின் படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். 'டி' (t) எழுத்தில் தொடங்குபவை படத்துக்குள் இருந்த சிறுபடங்கள். பெரிய படம் முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே அவற்றை நீக்குங்கள். சில முகங்களுக்கு அந்தச் சிறுபடம் மட்டுமே மிஞ்சியிருக்கலாம்.