குழாய்கள் பழுதாகும் முன்பே கவனிப்பது எப்படி?

குழாய் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் புகும்போது, அது திடீரென்று நேர்ந்துவிட்டதாகவே எல்லோரும் சொல்கிறோம். ஆனால் உடைந்த இணைப்பைக் கழற்றிப் பார்த்தால், பித்தளையின் மேல் பச்சைக் களிம்பும், பல மாதங்களாக நீர் கசிந்து கசிந்து காய்ந்ததால் உண்டான வெள்ளை உப்புத் தடமும் பெரும்பாலும் தெரியும். மாதம் ஒருமுறை, கையில் ஒரு டார்ச் விளக்கும் காய்ந்த துணியும் எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் வீட்டைச் சுற்றி வந்தால், இத்தகைய பழுதுகளில் பலவற்றை முளையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, வீட்டுக்கு வரும் தண்ணீரை முழுவதுமாக நிறுத்தும் பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். குழாய் வெடித்து நீர் பீறிடும்போது தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. கைப்பிடி கால் சுற்றில் மூடிக்கொள்வது பால் வால்வு. அதன் கைப்பிடி குழாயின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது என்று பொருள். வட்டமான பிடியைப் பலமுறை சுற்றி மூடுவது கேட் வால்வு. இரண்டில் எதுவானாலும் ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டால் உள்ளே உப்பும் துருவும் சேர்ந்து இறுகிவிடும். ஆகவே மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை முழுவதும் மூடித் திறந்து பழக்கத்தில் வைத்திருக்க வேண்டும். கேட் வால்வைக் கடைசிவரை திறந்தபின் கால் சுற்று பின்னோக்கித் திருப்பி வைப்பது அது இறுகிப்போவதைக் குறைக்கும். ஏற்கெனவே இறுகிவிட்ட வால்வோடு ஸ்பேனரை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். தண்டு முறிந்தால் தண்ணீரை நிறுத்தவே வழியில்லாமல் போகும். அதை மாற்றும் வேலையைப் பிளம்பரிடம் விட்டுவிடுவதே நல்லது.

கண்ணுக்குத் தெரியாத கசிவைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வீட்டிலுள்ள குழாய்களையும் தண்ணீர் எடுக்கும் இயந்திரங்களையும் மூடிவிட்டு, மீட்டரின் அளவைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மீட்டர் இல்லாத வீட்டில், தொட்டிக்குத் தண்ணீர் வரும் வழியை இரவில் அடைத்துவிட்டு, நீர்மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கசிவு உறுதியானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கழிப்பறையின் பிளஷ் டேங்க்கைத்தான். டேங்கின் அடியிலுள்ள ரப்பர் அடைப்பான் தேய்ந்துவிட்டால், சத்தமே இல்லாமல் நீர் கோப்பைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். டேங்க்கில் சிறிது உணவு நிறமியைக் கலந்து, பிளஷ் செய்யாமல் அரைமணி நேரம் காத்திருங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடைப்பானை மாற்ற வேண்டியதுதான். அது விலை குறைந்த பொருள், கழற்றி மாட்டுவதும் கடினமில்லை. ஆனால் டேங்க் நிரம்பிய பிறகும் மேல்வழிக் குழாயில் நீர் வழிந்துகொண்டே இருந்தால், கோளாறு டேங்க் நிரம்பியதும் நீர்வரத்தை நிறுத்தும் மிதவை வால்வில் இருக்கிறது.

குழாய் நுனியில் சொட்டும் நீரை எல்லோரும் பார்க்கிறோம், ஆனால் பொருட்படுத்துவதில்லை. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள். ஒரு மில்லி லிட்டருக்கு 20 சொட்டு என்று குறைவாகக் கணக்கிட்டாலும் 4 லிட்டருக்கு மேல் வீணாகிறது. சொட்டும் குழாயைப் பலங்கொண்ட மட்டும் திருகி மூடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அதனால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் இன்னும் நசுங்கிக் கசிவு அதிகமாகும். பழைய வகைக் குழாய் என்றால் வாஷரையும், கால் சுற்றில் மூடும் புதிய வகை என்றால் உள்ளிருக்கும் செராமிக் கார்ட்ரிட்ஜையும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கழற்றும் முன் தண்ணீரை நிறுத்துவதும், சிறு திருகுகள் விழுந்து காணாமல் போகாதபடி பேசினின் துளையை ஒரு துணியால் அடைப்பதும் அவசியம்.

சிங்க்குக்கும் வாஷ் பேசினுக்கும் அடியிலுள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகக் காய்ந்த டிஷ்யூ தாளால் துடைத்துப் பாருங்கள். விரலுக்குத் தட்டாத ஈரமும் தாளில் தெரிந்துவிடும். உலோகப் பின்னல் போட்ட கனெக்‌ஷன் டியூப்களில் பின்னல் துருப்பிடித்திருந்தாலோ, ஓரிடம் உப்பலாக இருந்தாலோ, இன்னும் ஒழுகவில்லையே என்று விட்டுவைக்காமல் உடனே மாற்ற வேண்டும். அவை எந்நேரமும் அழுத்தத்தில் இருப்பவை. வீட்டில் ஆளில்லாத நேரத்தில் ஒன்று வெடித்தால் போதும், வீடு முழுவதும் தண்ணீர்தான். சலவை இயந்திரத்தின் ரப்பர் குழாய்க்கும் இது பொருந்தும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடலாம். வெளியூர் செல்லும்போது பிரதான வால்வை மூடிவிட்டுப் போவதும் நல்ல பழக்கம்.

கழிவுநீர்ப் பக்கத்துக்கு வந்தால், சமையலறையில் எண்ணெயும் குளியலறையில் தலைமுடியும்தான் பெரும்பாலான அடைப்புகளுக்குக் காரணம். சூடாக இருக்கும்போது நீர்போல ஓடும் எண்ணெயும் நெய்யும் குழாய்க்குள் ஆறியதும் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. அதன்மேல் உணவுத் துகள் படிந்து, உள்வழி சிறுகச் சிறுகக் குறுகுகிறது. ஆகவே எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரங்களைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவ வேண்டும். துளைகளில் சல்லடை பொருத்தி, சேர்வதை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். ஈரத் துடைப்புத் தாள்களை, பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தாலும், கழிப்பறையில் போடாதிருப்பதே நல்லது. அவை சாதாரணத் தாளைப்போல நீரில் கரைவதில்லை.

நீர் வழக்கத்தைவிட மெதுவாக இறங்கத் தொடங்கும்போதே சிங்க்கின் அடியிலுள்ள வளைவுக் குழாயைத் திறந்து சுத்தம் செய்வது உத்தமம். கீழே ஒரு வாளியை வைத்து, இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் நட்டுகளைக் கையாலேயே திருகிக் கழற்றி, உள்ளே படிந்த கசடைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். மாட்டும்போது ரப்பர் வளையம் தன் இடத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்த்து, கை பிடிக்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். அந்த வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் நீர்தான் சாக்கடை வாடையும் பூச்சிகளும் வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. பயன்படுத்தாத குளியலறையில் வாடை அடித்தால், தரைத் துளையின் நீர் வற்றியிருக்கக் கூடும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

அடைப்பு நீக்கும் ரசாயனங்களை நான் பரிந்துரைப்பதில்லை. காஸ்டிக் சோடா நீரோடு சேரும்போது கடும் சூடு உண்டாகிறது. அடைப்பு நீங்காவிட்டால் அந்தக் காரம் குழாயிலேயே தேங்கி, பிறகு திறப்பவரின் கையைப் பொசுக்கும். பிளீச்சும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும் என்பதால், இரண்டு கிளீனர்களை ஒருபோதும் சேர்த்து ஊற்றக் கூடாது. கொதிக்கும் நீரும் பிவிசி குழாயை இளக்கிவிடும். ரப்பர் பம்பும் வெதுவெதுப்பான சோப்பு நீரும் பெரும்பாலும் போதுமானவை.

உப்பு நீர் வரும் வீடுகளில் ஷவர் துளைகளும் குழாய் நுனிச் சல்லடைகளும் வெள்ளைப் படிவால் அடைபடும். அவற்றைக் கழற்றி அரைமணி நேரம் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் படிவு கரையும். சூடாகும் நீரில் இந்தப் படிவு இன்னும் அதிகம். ஆகையால் ஹீட்டரை ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்து, அடியில் தங்கிய மண்டியை வெளியேற்றி, ஹீட்டரின் தொட்டி அரிக்காமல் இருக்கத் தான் அரிபட்டுத் தேயும் ஆனோடு கம்பியையும் அழுத்தம் தணிக்கும் வால்வையும் சோதிக்கச் சொல்லுங்கள். மேல்நிலைத் தொட்டி இருந்தால் ஆண்டுக்கு இருமுறை கழுவி, மூடி இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். வெயில் படும் பிவிசி குழாய்கள் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெறுகின்றன. வெளிப்பூச்சு அடித்து வைத்தால் நெடுநாள் உழைக்கும்.

சுவரில் ஈரக்கறை பரவுவது, ஒரே நேரத்தில் பல துளைகளில் நீர் இறங்காமல் நிற்பது, ஓரிடத்தில் பிளஷ் செய்தால் இன்னோரிடத்தில் குபுக் குபுக்கென்று சத்தம் எழுவது ஆகியவை வீட்டுப் பராமரிப்பின் எல்லையைத் தாண்டியவை. கோளாறு சுவருக்குள்ளோ பிரதானக் கழிவுக் குழாயிலோ இருக்கலாம் என்பதால், தாமதிக்காமல் பிளம்பரை அழைத்து, முதலில் கழிவுக் குழாய்கள் வந்து சேரும் சேம்பர் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.