மேக்மா ஏறும் வேகம்: இரண்டு சோடா பாட்டிலில் ஒரு செய்முறை

ஒரே எரிமலை ஒரு நாள் வெடித்துச் சிதறும், பிறகு மாதக்கணக்கில் கற்குழம்பை மெல்லப் பிதுக்கிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பது அதே மேக்மாதான், அதாவது பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பு. அப்படியென்றால் எது மாறுகிறது? சென்னையில் எரிமலை இல்லை, ஆனால் பெட்டிக்கடை இருக்கிறது. அது போதும்.

படி 1. ஒரே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் சோடா பாட்டில்கள் வாங்குங்கள். கண்ணாடி பாட்டில், கோலி சோடா வேண்டவே வேண்டாம். மொட்டை மாடிக்குப் போய், இரண்டையும் ஐந்தைந்து முறை குலுக்குங்கள்.

படி 2. முதல் பாட்டிலின் மூடியை மயிரிழை அளவு திருகுங்கள். 'உஸ்' என்று சத்தம் வரும். நுரை ஏறினால் இறுக்கி, அடங்கியதும் மறுபடி தளர்த்துங்கள். கடைசியில் பாட்டிலில் சோடா அப்படியே இருக்கும்.

படி 3. அடுத்ததை முகத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து, ஒரே திருகில் திறங்கள். பீறிட்டு அடிக்கும்.

சரி, இப்போது பூமிக்குள் போவோம். 4 கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தம், நாம் உணரும் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 1000 மடங்கு. அந்த அழுத்தத்தில் நீராவியும் மற்ற வாயுக்களும் பெரும்பாலும் மேக்மாவில் கரைந்தே கிடக்கும். மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து குமிழ்கள் பிறக்கும். மெதுவாக ஏறினால் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, வாயு பாறைப் பிளவுகள் வழியே கசிந்துவிடும். வாயு இழந்த குழம்பு வழியும், அல்லது குவிமாடமாகக் குவியும். விரைந்து ஏறினால் வாயுவுக்கு வெளியேற நேரமே கிடையாது. குமிழ்கள் உப்பி மேக்மாவையே கிழித்துச் சாம்பலாக்கும். குதிகால் தேய்க்கும் பியூமிஸ் கல் இருந்தால் எடுத்துப் பாருங்கள்: எரிமலையில் கிடைத்த கல் என்றால், அதன் துளைகள் எல்லாம் அந்தக் குமிழ்கள்தான்!

அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலையில் 1980 மே 18 அன்று ஒரு பக்கச் சரிவே பெயர்ந்து விழுந்தது. படி 3-இல் மூடியைத் திறந்ததும் இதுவும் ஒன்றே. அழுத்தம் சட்டென்று குறைய, மலை பயங்கரமாக வெடித்தது. அப்புறம் 1986 வரை, அதே டேசைட் (சிலிக்கா மிகுந்த, பிசுபிசுப்பான) வகைக் குழம்பு பெரும்பாலும் மெல்லப் பிதுங்கிக் குவிமாடமாக வளர்ந்தது.

படி 4. அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர், இன்னொன்றில் கேழ்வரகுக் கூழ். தண்ணீரில் குமிழ் சுலபமாக உடையும். கூழில் சிக்கி 'தொப்' என்று தெறிக்கும், கை பத்திரம். சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) மிகுந்த மேக்மா இந்தக் கூழ் மாதிரி; சிலிக்கா குறைந்த பசால்ட் வகை மேக்மா நீர்த்தது. ஹவாயின் கிலாவெயா எரிமலையில் லாவா (வெளியே வந்த மேக்மா) பெரும்பாலும் ஆறாக ஓடுவது அதனால்தான்.

சோடா காட்டாத ஒன்றும் உண்டு. மிக மெதுவாக ஏறும் மேக்மாவில் நுண்படிகங்கள் வளர்ந்து, அது கெட்டியாகி வாயையே அடைத்துவிடலாம். அடியில் அழுத்தம் சேரும். எனவே குவிமாடம் மெல்லத்தான் வளர்கிறது என்று ஆய்வாளர்கள் நிம்மதி அடைவதில்லை. வெளிவரும் கந்தக டை ஆக்சைடு திடீரென்று குறைந்தால், வாயு தீர்ந்ததா, வழி அடைத்ததா என்று நில அதிர்வுக் கருவியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.